கூலிக்கு அளந்த கடலை

நிலக்கடலையை நான் வாயில் வைப்பதில்லை. கல்யாண வீட்டில் இலையில் கடலைத் துவையல் விழுந்தால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிடுவேன். பக்கத்தில் இருப்பவர்கள் காரணம் கேட்டால் பித்தம் என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்குப் பித்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த வாடைதான் காரணம். நனைந்து, புழுங்கி, பூசணம் பிடித்த கடலையின் வாடையை ஒரு வருஷம் முழுக்க மூக்கில் ஏற்றிக்கொண்டு வாழ்ந்தவள் நான்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் ஆலங்குடியில், கடலை மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்றுக்கு நேர் எதிரே, நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தோம். கீற்றுக் கொட்டகை, உட்கார இரண்டு பலகை, பின்னால் அடுப்பு, அவ்வளவுதான். அதற்கு இரண்டு பெயர். மூட்டை ஏற்ற வருகிற வண்டிக்காரர்களும் தரகர்களும் காப்பிக் கிளப் என்பார்கள். கிட்டங்கியில் கடலை உடைக்க வருகிற பெண்களுக்கு அது கூழ்க்கடை. காலையில் இட்லியும் காப்பியும் போடுவோம், மத்தியானம் கேழ்வரகுக் கூழும் வெங்காயமும். என் வீட்டுக்காரர் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். உட்கார்ந்த இடத்தில் மாவாட்டுவார், காப்பிக்கொட்டை வறுப்பார். வாசலில் நின்று வியாபாரம் செய்வது, வாய் கொடுப்பது, வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தவள் என்கிற திமிர் வேறு. அந்தக் கடைதான் எங்களுக்குச் சோறு. நிலம் கிடையாது, மாடு கிடையாது, பிறந்த வீட்டு வாசலில் போய் நிற்கவும் வழி கிடையாது. கடை போனால் நாங்கள் போனோம்.

எங்கள் பக்கத்து மண் செம்மண். கண்மாய் நிறைந்தால் பள்ளத்தில் நெல் விளையும். மேட்டில் முன்பெல்லாம் வரகும் கேழ்வரகும் போடுவார்கள். கடலைக்கு விலை ஏற ஏற மேடு முழுக்கக் கடலையாகிவிட்டது. அதைக் கப்பலில் ஏற்றி வெள்ளைக்காரன் தேசத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே எண்ணெய் ஆட்டி சோப்புக் காய்ச்சுகிறார்கள் என்று தரகர்கள் சொல்வார்கள். அவன் சோப்புக் காய்ச்சினால் என்ன, சாந்து குழைத்தால் என்ன, எங்களுக்குக் காசு வந்தது. விதைத்தவனுக்கு வந்தது, புதுக்கோட்டை ரயிலடிக்கு மூட்டை அடித்த வண்டிக்காரனுக்கு வந்தது, உடைக்கிற பெண்ணும் சாயங்காலம் முந்தானையில் எங்கள் சமஸ்தானத்து அம்மன் காசு நாலை முடிந்துகொண்டு போனாள். அவள் என் கடையில் கூழ் குடித்தாள், நான் சந்தையில் கேழ்வரகு வாங்கினேன். வீட்டில் தானியம் இருந்த காலம் போய் எல்லாரும் காசை நம்பி உட்கார்ந்திருந்தோம். அந்தக் காசு ஒருநாள் வராமல் போனால் என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கிட்டங்கி முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவந்த, தடித்த ஆள். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய வெற்றிலை. பேசும்போது சாறு கடைவாயில் வழியும். அதைப் புறங்கையால் துடைத்து, அந்தக் கையாலேயே பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டிக் கொடுப்பார். யாரையும் வைய மாட்டார். அதுதான் எனக்கு அவரிடம் பிடிக்காதது. வைகிற முதலாளியைத் திருப்பி மனசுக்குள்ளாவது வையலாம்.

கடலையை அவர் உடைக்க வைத்த முறையில்தான் எல்லாக் கேடும் இருந்தது. பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். உடைப்பதற்கு முன்னால் கடலைக் குவியலில் தண்ணீர் தெளித்துக் கோணியால் மூடி வைப்பார்கள். தோடு ஊறிவிட்டால் விரலால் அமுக்கினாலே வாய் பிளக்கும், பருப்பு உடையாது. முதலாளி நடையாக நடந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

"நல்லாத் தெளிங்கத்தா. காஞ்ச கடலையை ஒடைச்சா பருப்பு ரெண்டாப் போயிரும். வெளிநாட்டுக்காரன் எடுக்க மாட்டான்."

பருப்பு உடையாது என்பது பாதி உண்மை. மீதி உண்மை, நனைந்த பருப்பு எடை கூடும். மூட்டைக்கு மூட்டை தண்ணீரையும் சேர்த்து விற்றார். அவர் மட்டுமா? அந்த வட்டாரத்தில் கடலை வியாபாரம் செய்த அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். தோட்டோடு காய்ந்த கடலை வருஷம் தாங்கும் என்பது பிள்ளைக்குக்கூடத் தெரியும். நனைத்து உடைத்த பருப்பு, கப்பல் ஏறுகிற வரைக்கும் தாங்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

கப்பல் நின்றது. சண்டை முற்றிவிட்டது, கடலை வாங்குகிற தேசமே எதிரி கையில் விழுந்துவிட்டது என்று தரகர்கள் காப்பி குடித்துக்கொண்டே பேசினார்கள். பிறகு தரகர்களும் வரவில்லை. ரயிலடிக்குப் போன மூட்டைகள் திரும்பி வந்தன. கிட்டங்கியில் கூரை முட்ட அடுக்கினார்கள். தோட்டோடு வைத்திருந்தால் அது அத்தனையும் தங்கம். எல்லாம் உடைத்த பருப்பு, எல்லாம் நனைத்த பருப்பு. கொஞ்ச நாளில் மூட்டையில் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது. அப்புறம் வாடை கிளம்பிற்று. பச்சையும் கறுப்புமாகப் பூசணம், அதன் மேல் வண்டு. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் நான் மாவுச் சட்டியைத் துணி போட்டு மூடுவேன். மூடியும் பிரயோசனம் இல்லை.

இந்த நஷ்டத்தில் முதலாளி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்காருவார் என்று நினைத்தேன், உட்காரவில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்திருந்தது. ஜனங்கள் விளக்கெரிக்க எண்ணெய் தேடினார்கள். அவர் கிட்டங்கிக்குப் பின்னாலேயே எண்ணெய் மில் ஒன்று போட்டார். விற்க வழியில்லாமல் தவித்த குடியானவர்களிடம் புதுக் கடலையைச் சொன்ன விலைக்கு வாங்கினார். உடைப்பு வேலை நிற்கவில்லை. கூலிதான் மாறியது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினார். கடையிலிருந்து எனக்கு நன்றாகக் கேட்டது.

"கப்பல் ஓடலை. காசுக்கு நான் எங்கிட்டுப் போறது? ஒங்களைச் சும்மா அனுப்பவும் எனக்கு மனசு வரலை. அதனால கூலியைக் கடலையா அளக்குறேன். திங்கிற பொருளுதானே? பிள்ளைகளுக்கு வறுத்துக் குடுங்க."

பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே கண்ணீர் வந்திருந்தது. தன்னுடைய தருமத்தைப் பார்த்துத் தானே உருகுகிற மனிதனை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். தூ என்று துப்பலாம் போல இருந்தது. அளப்பதற்கு அவர் அவிழ்க்கச் சொன்ன மூட்டை, கோணி வழியாகவே பூசணம் தெரிந்த மூட்டை.

பெண்கள் மடியில் கடலையை ஏந்திக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் என் சேக்காளி. என் வயதுதான். இடுப்பில் பால்குடிப் பெண்பிள்ளை, ஊறிப்போன தோட்டை நாள் முழுக்க அமுக்கி வெளுத்துப்போன விரல்கள். நகக்கண் எல்லாம் புண்.

"அக்கா, இதை வாங்கிக்கிட்டுக் கூழ் ஊத்துவியா?"

"இதை வச்சு நான் என்னடி பண்றது? மாடு மோந்து பாக்குமா இதை?"

"வீட்டுக்குக் கொண்டுபோனா நாங்க மட்டும் என்ன பண்றதாம்? ஊரு பூராக் கடலை. யாரு வாங்குவா?"

அவள் சொன்னது சரி. மில்லில் கொண்டுபோய்ப் போடலாம் என்றால் அங்கே மூட்டைக் கணக்கில்தான் எடுப்பார்கள், மடிக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நான் வாங்காவிட்டால் அவர்கள் பட்டினி. அவர்கள் பட்டினி கிடந்தால் என் கடைக்கு வர ஆள் இல்லை. வாங்கினேன்.

அப்படியே வழக்கமாகிவிட்டது. மடிக் கடலைக்கு ஒரு கலயம் கூழ், பிள்ளை வைத்திருப்பவளுக்கு ஒரு இட்லி. சேர்கிற கடலையைக் கடைக்குப் பின்னால் பாயில் கொட்டி, மூட்டை ஆனதும் மில்லுக்குக் கொண்டுபோவேன். அங்கே முதலாளியின் ஆள் கோணிக்குள் கையை விட்டு, முகத்தைச் சுளித்து, "சொத்தையா இருக்கே" என்று பாதி விலை சொல்வான். உங்கள் கிட்டங்கிச் சொத்தைதானே ஐயா என்று சொல்ல நாக்குத் துடிக்கும். கடலை முதலாளியிடமிருந்து கிளம்பி, பெண்கள் மடி ஏறி, என் பாயில் படுத்து, பாதி விலைக்கு முதலாளியிடமே போய்ச் சேர்ந்துவிடும். அதைத்தான் எண்ணெயாக்கி எங்கள் விளக்குக்கே விற்றார்.

கேழ்வரகு விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. அரிமளம் சந்தை வரைக்கும் ஆள் அனுப்பிப் பார்த்தேன், அங்கேயும் அதே கதை. கூழில் தண்ணீர் கூடிற்று. முதலில் கரண்டியில் நின்றது, அப்புறம் ஓடியது, அப்புறம் கலயத்தின் அடி தெரிந்தது. அந்தத் தண்ணீரை ஊற்றும்போது எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்காது. ஒருத்தியாவது ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, குடித்துவிட்டுப் போனார்கள். வண்டிக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். காப்பியிலும் கடலை வாடை அடிக்கிறது என்றார்கள். அடித்தது உண்மைதான்.

இந்த நிலைமையில் ஒரு செய்தி வந்தது. கடலை விலை விழுந்ததைப் பற்றிக் குடியானவர்கள் மனு கொடுத்திருந்தார்களாம். அதை விசாரிக்க, கிட்டங்கியையும் கூலிக்காரர்களையும் பார்க்க, புதுக்கோட்டையிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்றார்கள். முந்தின நாள் முதலாளியே என் கடை வாசலுக்கு வந்தார்.

"ஏம்மா, நாளைக்கி ஒரு பெரிய மனுசர் வாராக. இட்லி பூவாட்டம் இருக்கணும். ரெண்டு தேங்காய் குடுத்து விடுறேன், சட்னி கெட்டியா அரைச்சிரு."

தேங்காய் வந்தது. நல்ல முற்றல். நான் அதைத் துருவிக் கூழ்ப்பானையில் போட்டேன். மறுநாள் வேலைக்கு முன்னால் பெண்களைக் கூப்பிட்டு ஊற்றினேன். அன்றைக்கு அவர்கள் குடித்ததுதான் அந்த வருஷத்திலேயே கூழ் என்று சொல்லத்தக்க கூழ். பிறகு பின்னால் போய்ப் பாயிலிருந்து இரண்டு கை கடலை அள்ளி வந்து வறுத்தேன். என் வீட்டுக்காரருக்கு வாடையிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"வேணாம்டி. பெரிய எடத்து வம்பு நமக்கெதுக்கு?"

"அந்த மனுசன் ஒரு வாய் தின்னு பாக்கட்டும். அப்பறம் கேப்பாரு. கேட்டா நான் சொல்லுவேன்."

எனக்கு அதிகாரிகள் மேல் அப்போது ஒரு நம்பிக்கை இருந்தது. படித்தவர்களுக்கு உள்ளதைக் கண் முன்னால் வைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

கிட்டங்கியை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். கெட்ட மூட்டைகளை மில்லுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். வாசலில் சாணி தெளித்துக் கோலம். முன்வரிசையில் காய்ந்த கடலைக் குவியல், தண்ணீர்ச் சட்டி ஒன்றைக்கூடக் காணோம். முன்வரிசைப் பெண்கள் எல்லாருக்கும் காசு கொடுத்து, கேட்டால் காட்டச் சொல்லியிருந்தார்கள். என் சேக்காளியும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி ஒல்லியான மனிதர். கோட்டும் தலைப்பாகையும் போட்டிருந்தார், முகத்தில் ஒரு சாந்தம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு, வாசல் நிழலில் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானே இலையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, இட்லியும் சட்னியும் பரிமாறினேன். மிளகாயும் பூண்டும் தாராளமாகப் போட்டிருந்ததால் வாடை அமுங்கியிருந்தது. கசப்பு அமுங்கவில்லை. ஒரு வாய் வைத்தவர் அப்படியே இலையில் துப்பினார்.

"என்னம்மா இது?"

"கடலைச் சட்னிங்க."

"கெட்டுப்போன கடலையா?"

"ஆமாங்கய்யா. இந்தப் பொம்பளைகளுக்குக் கூலியா அளக்குறது இந்தக் கடலைதாங்க. ஒங்களுக்கு ஒரு வாய்க்கே இப்பிடி இருக்கு. தெனமும் இதைத்தான் மடியில வாங்கிட்டுப் போறாக. நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் அரைச்சேன்."

முதலாளியின் முகம் ஒரு நிமிஷம் வெளுத்தது. பிறகு சிரித்தார். என்னை வையவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நான் நேத்து ரெண்டு தேங்காய் குடுத்து விட்டேனே, அது எங்க போச்சுன்னு கேளுங்க. கிட்டங்கியில கழிச்சுப் போடுற சொத்தையைப் பொறுக்கிட்டுப் போயி, இந்தப் பாவப்பட்ட ஜனங்களுக்கே வித்துக்கிட்டு இருக்கு இந்தம்மா. கூலி காசுதாங்க. நான் சொல்லணுமா, நீங்களே கேட்டுருங்க."

அதிகாரி முன்வரிசையைப் பார்த்துக் கேட்டார். அவருடைய கண் என் சேக்காளி மேல் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

"காசுதாங்க குடுக்குறாக."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பித் தேங்காய் எங்கே என்று கேட்டார். கூழில் போட்டேன் என்றேன். நான் சொன்னதில் அவர் நம்பிய ஒரே வார்த்தை அதுதான்.

அப்போது அவர் முகத்தில் வந்த அருவருப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அவருக்கு அந்த அருவருப்பு வர வேண்டும் என்றுதான் அடுப்பில் வெந்து அந்தக் கடலையை வறுத்தேன். வந்தது, ஆனால் என் மேல் வந்தது. வாய் கொப்பளித்தார், மறுபடியும் கொப்பளித்தார், கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். ஜனங்களுக்கு வியாதி வருகிற பண்டம் விற்கக் கூடாது, கடையை உடனே மூட வேண்டும் என்று கூட வந்தவனிடம் எழுதச் சொன்னார். முதலாளி எனக்காகப் பரிந்து பேசினார்.

"நடக்கமாட்டாத புருசனை வச்சுக் காப்பாத்துறவங்க. ஏதோ அறியாமப் பண்ணிருச்சு. மன்னிச்சு விட்ருங்க."

அதிகாரி முடியாது என்றார். முதலாளி உச்சுக்கொட்டினார். அந்த உச்சுக்கொட்டலைக் கேட்டதும் அங்கேயே வாந்தி எடுத்திருப்பேன், வயிற்றில் ஒன்றும் இல்லாததால் பிழைத்தேன்.

பலகைகளை உள்ளே போட்டுப் படலைச் சாத்தினோம். பொழுது சாயும் நேரத்தில் என் சேக்காளி பின்பக்கமாக வந்து நின்றாள்.

"நாளைக்கி வேலை வேணுமில்லக்கா" என்றாள். பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "அந்தாளு வண்டி கெளம்புன ஒடனே காசைத் திருப்பி வாங்கிட்டாக. கடலையை அளந்தாக" என்றாள்.

அவள் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. ஏமாற்றுவதற்குக் கொடுத்த காசையும் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறதே, அந்தப் புத்தியை நினைத்துத்தான் உடம்பு கூசியது. பிள்ளையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டேன். அது என் சேலையை மோந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வீட்டில் இருந்த கேழ்வரகு தீர்ந்தது. காப்பிக்கொட்டையையும் பித்தளைப் பாத்திரங்களையும் விற்றோம். மில்லுக்குப் போகாமல் பாயில் மிச்சமிருந்த கடலையை என் வீட்டுக்காரர் ஒருநாள் வேகவைத்துத் தின்றுவிட்டு இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். காலையில் எழுந்து, யாரிடமும் சொல்லாமல் ரோட்டைக் கடந்து கிட்டங்கிக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தார்.

"வாம்மா, வா. எனக்கு மனசுல ஒன்னும் கெடையாது. அந்தா, அங்கிட்டு உக்காரு."

சேக்காளி நகர்ந்து இடம் விட்டாள். நாள் முழுக்க ஊறின தோட்டை அமுக்கினேன். பொழுது இறங்கியதும் வரிசையில் நின்றேன், என் மடியிலும் அளந்து கொட்டினார்கள். மூட்டைச் சூடு ஆறாத கடலை வயிற்றோடு ஒட்டிக் கதகதவென்று இருந்தது. எல்லாரும் வாசலுக்கு வந்தோம். பழக்கத்தில் மற்றப் பெண்களின் கால்கள் தாமாக ரோட்டைத் தாண்டப் போய், பாதியில் நின்றுவிட்டன. எதிரே கடை சாத்திக் கிடந்தது. கடலையை வாங்கிக்கொண்டு கூழ் ஊற்றுகிறவள் மடி நிறையக் கடலையோடு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.